கூலிங் கிளாஸ் போட்ட கேமரா

"ஏங்க... கொஞ்சம் ஒதுங்கிப் போங்களேன்!"

கவிநிலா நின்றுவிட்டாள். கையில் பஞ்சரான ஸ்கூட்டி. தலைக்கு மேல், ஐப்பசி மாதத்துக்குச் சற்றும் பொருந்தாத உச்சி வெயில். மலைக்குப் பின்னாலிருந்து கறுத்த மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் சூரியனை அது இன்னும் தொடவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் சுற்றி வருகிற கிரிவலப் பாதையில், அவள் ஒருத்தி வண்டி தள்ளிக்கொண்டு போகக்கூடாதாமே!

'ரோடு என்ன உங்கப்பன் வீட்டுதா?' என்று கேட்கத்தான் வாய் வந்தது. ஆனால் அப்பா என்கிற சொல் ஒரு வருடமாக அவள் தொண்டையிலேயே சிக்கிக்கொள்கிறது...

"ஒதுங்கிப் போறதுக்கு இது உங்க ஸ்டுடியோ இல்லீங்க. ரோடு," என்றாள்.

புளியமரத்தடியில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தவன் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தான். முப்பது வயது இருக்கும். ஒரு கண்ணை மூடி மூடிப் பழகியதாலோ என்னவோ, இரண்டு கண்களும் திறந்திருந்தபோது கொஞ்சம் அப்பாவியாகத் தெரிந்தான். அவனுக்கு முன்னால் சாலையோரத்துச் சின்ன நந்தி ஒன்று மலையைப் பார்த்தபடி படுத்திருந்தது.

"கோச்சிக்காதீங்க. நந்தியோட கண்ணை எடுத்துட்டிருந்தேன்... நடுவுல நீங்க வந்துட்டீங்க."

"நான் விழுந்துட்டேனா அதுல? அழிச்சிடுங்க. யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நீங்க அதுல இல்லவே இல்ல. வேணும்னா பாருங்க."

கேமராவைத் திருப்பிக் காட்டினான். நந்தியின் கல் கண், அதில் யாரோ வைத்த குங்குமம், அதன் மேல் ஒட்டிய தூசி வரைக்கும் துல்லியமாக இருந்தது. மற்றதெல்லாம் கரைந்து போயிருந்தது. ஓரத்தில் நீலமாக ஒரு தீற்றல்.

"அந்த நீலம்தான் நீங்க."

"என் வண்டி?"

"அதுவும் அந்த நீலத்துலதாங்க இருக்கு."

கவிநிலாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததே தப்பு என்பதுபோல் உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் மேகம் சூரியனை விழுங்கிவிட்டது. முதல் தூறல் அவள் மூக்கு நுனியில் விழுந்தது... இரண்டாவது அவன் லென்ஸில். அவ்வளவுதான், அவன் குழந்தையைத் தூக்குவதுபோல் கேமராவைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினான். இரண்டடி ஓடியவன் திரும்பி வந்து அவள் வண்டியையும் தள்ளிக்கொண்டு போனான். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை.

தகரக் கூரையில் மழை அறைந்தது. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் கத்தவில்லை.

அவன் பெயர் மணிவேல். செங்கம் ரோட்டில், மாடியில் ஒற்றை அறை ஸ்டுடியோ. முகூர்த்த நாட்களில் கல்யாணம், மற்ற நாட்களில் ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களைப் படம் எடுப்பது. அவளும் தன்னைப் பற்றிச் சொன்னாள். சென்னை கம்பெனி ஒன்றில் வேலை. இப்போது அடி அண்ணாமலை வீட்டில் இருந்தபடியே பார்க்கிறாள். வீட்டில் நெட் சரியாக வராததால் தினமும் செங்கம் ரோட்டுக் காபிக் கடை ஒன்றில் லேப்டாப்போடு உட்காருவாள். ஏன் திரும்பி வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. அதற்காகவே அவனைக் கொஞ்சம் பிடித்தது.

அவன் லென்ஸின் முன்னாலிருந்து வட்டமான கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் திருகிக் கழற்றி, துணியால் ஒற்றினான்.

"அது எதுக்கு? நல்ல லென்ஸு முன்னாடி கரி பூசின மாதிரி..."

"கரியா!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "இந்த லென்ஸுக்கு வாய் ரொம்பப் பெருசுங்க. வெளிச்சத்தை அள்ளி அள்ளிக் குடிக்கும். சாயங்காலம், விளக்கு வெளிச்சம்... அங்கெல்லாம் இதுதான் ராஜா. ஆனா மத்தியான வெயில்ல வாயைத் திறந்தா, ஷட்டரை எவ்ளோ வேகமா அடிச்சாலும் படம் சுண்ணாம்பு அடிச்ச சுவர்தான்."

"அப்ப வாயை மூடச் சொல்றது."

"மூடினா பின்னாடி இருக்கறதெல்லாம் தெளிவா வந்து நிக்கும். கரண்ட் கம்பம், குப்பைத் தொட்டி, வண்டி தள்ளிட்டுப் போற பொண்ணு..." அவள் முறைத்ததும் அவசரமாகத் தொடர்ந்தான். "எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். மத்ததெல்லாம் கரையணும். அதுக்கு வாயைத் திறந்தே வெக்கணும். அதான் முன்னாடி இது. என்.டி. ஃபில்டர்னு பேரு. கலரை மாத்தாது... வெளிச்சத்தை மட்டும் கம்மி பண்ணும்."

"கேமராவுக்குக் கூலிங் கிளாஸ்."

"அட! இத்தனை வருஷமா எனக்கு இது தோணலையே!" அவன் உண்மையாகவே வியந்தான். "ஆனா ஒரு தொல்லை. இதைக் கழட்டாம இருட்டுக்குள்ள போயிட்டோம்னா கேமராவுக்குக் கண்ணே தெரியாது. யாரைப் பாக்கறதுன்னு தெரியாம அப்படியும் இப்படியும் தேடும்."

"கூலிங் கிளாஸோட தியேட்டருக்குள்ள போனவன் மாதிரி... அடுத்தவங்க மடியில உக்காந்துடும்."

இந்த முறை அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மை கலைந்த கண்கள், நெற்றியில் ஒட்டிய ஈர முடி... கேமரா கையில் இருந்தும் அவனுக்கு அதைத் தூக்கத் தோன்றவில்லை.

'என்னடி சிரிப்பு? அடுத்த வாரம் அப்பாவுக்கு வருஷ திதி...' கவிநிலாவின் உள்ளே ஒரு குரல் குட்டியது. அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவள் முகம் வாடியதை அவன் பார்த்தான். எப்படியாவது அந்தச் சிரிப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் போலிருந்தது. பாவம்... அங்கேதான் தப்பு செய்தான்.

"ஒண்ணு காட்டட்டுமா? நான் எடுத்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். காலையிலேயே சுள்ளுனு அடிச்ச வெயில்ல, மண்டபத்துக்கு வெளிய எடுத்தது."

செல்போனில் ஒரு கல்யாணப் பெண் தலை குனிந்து நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சுற்றிலும் உலகமே பனிக்குள் போயிருந்தது.

கவிநிலா செல்போனைக் கண்ணருகே இழுத்தாள். ஆர்த்தி. அவள் தங்கை ஆர்த்தி!

கல்யாண வீட்டில் போட்டோக்காரனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கேமராதானே அவனுக்கு முகம். அவனுக்கோ, பெண்ணுக்குப் பின்னால் நடமாடுகிறவர்கள் எல்லாரும் வெறும் நிறங்கள். அதனால்தான் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியவில்லை.

"பின்னாடி வெள்ளையா ஒண்ணு இருக்கே... அது என்ன தெரியுமா?" என்றாள் மெதுவாக.

"பேக்ரவுண்டுங்க. ஏதோ வெள்ளைச் சட்டை..."

"அது எங்கப்பா."

மழை இன்னும் பலமாக அறைந்தது. மணிவேலின் வாய் திறந்தபடியே நின்றது.

"அந்த ஆல்பம் முழுக்க அவரு அப்படித்தான் இருக்காரு. வெள்ளையா... புகையா. தாரை வாக்கறப்ப கை மட்டும்தான் தெரியுது, குடும்பப் படத்துக்கு அவரு வரவே இல்ல. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல போயிட்டாரு. மாட்டி வெக்க ஒரு முகம் இல்ல. ஆதார் கார்டு போட்டோவைப் பெருசு பண்ணி மாட்டியிருக்கோம். பயந்து போன யாரோ மாதிரி இருக்கு. எங்கம்மா அதைப் பாக்கறதே இல்ல."

"எனக்குத் தெரியாதுங்க... மாப்பிள்ளை வீட்டுலதான் சினிமா மாதிரி வேணும்னு..."

"குப்பைத் தொட்டி, கரண்ட் கம்பம், எங்கப்பா! எல்லாம் உங்களுக்கு ஒண்ணுதான் இல்ல?"

அந்தப் படம் அவனுடைய பெருமை. யாரிடமும் விட்டுக்கொடுக்காதது. அது அவனை உடனே மன்னிப்புக் கேட்க விடவில்லை. பதிலுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று வந்தது... வந்ததைச் சொல்லிவிட்டான்.

"அவ்ளோ ஆசை இருந்தா, நீங்களே உங்க செல்லுல ஒண்ணு எடுத்திருக்கலாமே?"

அவள் மழையிலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அவன் "ஏங்க... ஏங்க..." என்று கூப்பிட்டது தகரச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் கேட்டதில் என்ன தப்பு? அதைத்தானே அவளும் ஒரு வருடமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் அப்பா ஆதிமூலம், ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பயிர் செய்கிற மனிதர். பேச்சு கம்மி, ரோஷம் ஜாஸ்தி. அவர் பார்த்து முடித்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு கவிநிலா சென்னைக்கு வேலைக்குப் போன அன்றிலிருந்து அவர் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா இருக்க தங்கைக்குக் கல்யாணம் என்று ஊரே வாயில் போட்டு மென்றது. கல்யாணத்தன்று பேசிவிடுவார் என்று காத்திருந்தாள். பச்சைப் பட்டுப் புடவையில், சந்தனத் தட்டோடு அவர் எதிரிலேயே வந்து வந்து போனாள். அவர் அப்படியே நின்றார், பந்தல் கால் மாதிரி. செல்லைத் தூக்கி 'இங்க பாருப்பா' என்று கூப்பிட அவளுக்கும் ரோஷம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சென்னைக்கு பஸ் ஏறினாள். அடுத்து அவள் வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.

கடைசிவரை அவர் தன்னைப் பார்க்கவே இல்லை... அதுதான் அவளுக்குள் ஆறாமல் கிடந்தது. ஆல்பம் வந்தபோது அவசர அவசரமாக அவர் கண்களைத்தான் தேடினாள். ஒருமுறையாவது தன் பக்கம் திரும்பியிருப்பாரா என்று. புகைக்கு ஏது கண்?

மறுநாளிலிருந்து அவள் காபிக் கடைக்கு வரவில்லை. மணிவேல் வந்தான். தினமும் வந்தான். அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர மேசை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, குடிக்காத காபிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான். வானம் மூடியே கிடந்தது. மலையின் உச்சி அந்த வாரம் முழுக்கக் கண்ணில் படவில்லை.

ஸ்டுடியோவில் ஆர்த்தி கல்யாணத்தின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒரு காலத்தில் ரசித்து ரசித்துப் பார்த்தவை. இப்போது பெண்ணைப் பார்க்கவில்லை. பெண்ணுக்குப் பின்னால் பார்த்தான். தாம்பூலப் பையோடு ஒரு வெள்ளை. வாழைமரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை. எங்கே எடுத்தாலும் ஓரமாக, கை கட்டியபடி, அந்த மனுஷர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். ஒருமுறை, ஒரே ஒருமுறை அவர் பக்கம் லென்ஸைத் திருப்பியிருந்தால்... மணிவேலுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

எல்லாம் பார்த்து முடித்தான். ஒன்றும் இல்லை. மீதமிருந்தது, வீணாய்ப் போனவற்றைப் போட்டு வைத்திருந்த ஃபோல்டர் மட்டும். கண் மூடியவை, கை ஆடியவை... அதில் நான்கைந்து படங்கள் சுத்தக் கறுப்பு. அவனுக்கு நினைவு வந்தது. வெளியே வெயிலில் பெண்ணை எடுத்து முடித்ததும், "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்று யாரோ அவசரப்படுத்த, ஃபில்டரைக் கழற்ற மறந்து மண்டபத்துக்குள் ஓடியிருந்தான். கறுப்புக் கண்ணாடியோடு இருட்டுக்குள்! சில படம் எடுத்த பிறகே தெரிந்து, தலையில் அடித்துக்கொண்டு கழற்றினான். அந்தக் கறுப்புப் படங்களை அதன் பிறகு அவன் திறந்து பார்த்ததே இல்லை.

முதல் படத்தைத் திறந்து வெளிச்சத்தை ஏற்றினான். மணல் மணலாக ஏதோ எழுந்தது. இரண்டாவதிலும் மணல்தான். மூன்றாவதில்...

அவன் கை மவுசிலிருந்து தானாக விலகியது.

திதியன்று காலையிலிருந்தே தூறல். ஐயர் வந்து போயாகிவிட்டது. காக்கைக்குச் சோறு வைத்தாயிற்று. ஆர்த்தியும் அவள் கணவனும் வந்தவர்களைப் பின்கட்டில் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஆதார் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவள் அம்மா ராஜம்மாள் வழக்கம்போல் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். கவிநிலா எட்டிப் பார்த்தாள். நனைந்த தலையோடு மணிவேல். சட்டைக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தான், அன்றைக்கு கேமராவைப் பிடித்த மாதிரியே.

"எதுக்கு வந்தீங்க?"

"திட்டறதுன்னா திட்டுங்க. மாப்பிள்ளை வீட்டுல வழி கேட்டேன், இன்னிக்குத் திதின்னு சொன்னாங்க. இதைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"யாரும்மா அது? தம்பி, மழையில நிக்காத... உள்ள வா," என்றாள் ராஜம்மாள்.

அவன் கூடத்தின் ஓரமாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, படத்தை ராஜம்மாளிடம் நீட்டினான். சட்டம் போட்ட படம். மணல் தூவியது போல் சொரசொரப்பாக, கறுப்பும் காவியும் கலந்த மங்கிய நிறத்தில் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எந்த போட்டோக்காரனும் சொல்லமாட்டான். ஆனால் நடுவில்...

"ஐயோ..." ராஜம்மாளின் குரல் உடைந்தது. "இவருதான்... இவருதாம்மா உங்கப்பா..."

நரைத்த மீசை. சரியாகச் சவரம் செய்யாத கன்னம். காது மடலில் ஒட்டிய சந்தனம். ஆதிமூலம் இருந்தார், முழுசாக.

"கல்யாணத்துல நான்தான் படம் எடுத்தேன்மா. ஃபில்டரைக் கழட்டாம உள்ள போயிட்டேன்," மணிவேல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "கேமராவுக்குக் கண்ணு தெரியாம, முன்னாடி இருந்தவங்களை விட்டுட்டு தானா அவர் மேல போய் நின்னிருக்கு. என் கெட்டிக்காரத்தனம் இதுல ஒண்ணுமே இல்ல. நான் சரியா செஞ்ச எல்லாப் படத்துலயும் அவரைத் தொலைச்சிட்டேன். தப்பா செஞ்ச ஒண்ணுலதான் அவரு கிடைச்சாரு."

ராஜம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இவரு பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்கலையே. எங்க பாக்கறாரு? முன்னாடி பச்சையா இது யாரு தம்பி?"

"தெரியலம்மா. யாரோ பச்சைப் புடவையில குறுக்க போயிருக்காங்க. கையில ஏதோ தட்டு..."

அவன் பாதியில் நிறுத்தினான். ராஜம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"நிலா... இது உன் பச்சைப் பட்டுடீ. சந்தனத் தட்டு நீதானே வெச்சிருந்த?"

கவிநிலா அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். அப்பாவின் கண்கள்... அந்தக் கண்களில் கோபம் இல்லை. கல்யாணக் கூட்டம் மொத்தத்தையும் விட்டுவிட்டு, தன்னைக் கடந்து போகிற மூத்த மகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாகப் பிரிந்திருந்தது, கூப்பிட வாயெடுத்தவர் போல. அவள்தான் பார்க்கவில்லை. அவள்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு விறைப்பாகப் போய்க்கொண்டிருந்தாள், ஒரு பச்சைப் புகையாக...

"அப்பா..."

ஒரு வருடமாகத் தொண்டையில் சிக்கியிருந்த சொல் வெளியே வந்தது. அதன்பிறகு அழுகைதான். ராஜம்மாள் அவளைத் தடுக்கவில்லை. எழுந்துபோய் ஆதார் படத்தைக் கழற்றினாள். மாலையை எடுத்து இந்தப் படத்துக்குப் போட்டாள். அதன் முன்னால் நேராக உட்கார்ந்துகொண்டாள்.

மணிவேல் சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினான்.

"திதி வீட்டுல சாப்பிடாம போகக்கூடாது," பின்னால் குரல் கேட்டது. கவிநிலா. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. "அம்மா இலை போடுறாங்க."

"உங்ககிட்ட அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக்கூடாது."

"நான் என்னையே கேட்டுக்கிட்டதுதான்." அவள் தூணில் சாய்ந்துகொண்டாள். "கேமரா கொண்டு வந்திருக்கீங்களா? அம்மாவை எடுக்கணும். அப்பா படத்தோட சேத்து. நானும் நிக்கறேன்."

"வண்டியிலதான் இருக்கு. எடுத்துடலாம்."

"மூணு பேரும் தெரியணும். வாயைக் கம்மியாத் திறங்க."

"சரிங்க."

"அந்தக் கூலிங் கிளாஸும் வேணாம்."

"மங்கலாக்கறது கூலிங் கிளாஸ் இல்லீங்க, லென்ஸுதான்... அது வெளிச்சத்தை மட்டும்..." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் பார்வையைக் கண்டு நிறுத்தினான். "வேணாம்னா வேணாம்."

ஈரத்தில் ஊறிய அந்த முகத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் டீக்கடைச் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. அதைப் பார்த்த பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒண்ணு சொல்லணும். ஆனா... சொல்லக்கூடாத நாளு. சொல்லக்கூடாத வீடு."

அவள் தூறலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லிடுங்க. சொல்லாம வெச்சிருந்தா என்ன ஆகும்னு இந்த வீட்டுக்குத் தெரியும்."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க." ஒரே மூச்சில் சொன்னான். "அன்னிக்கு மழையில சிரிச்சீங்களே... அப்பவே. இந்தப் படத்தைத் தேடினது உங்கப்பாவுக்காகத்தான். ஆனா அவருக்காக மட்டும் இல்ல."

உள்ளே இலை போடும் சத்தம் கேட்டது. மலை மேகத்துக்குள்ளேயே இருந்தது. தரையைப் பார்த்தபடி, பந்தல் கால் போல விறைத்து நிற்க அவளுக்கும் தெரியும். அவள் அப்பாவின் மகள் அல்லவா?

ஆனால் கவிநிலா திரும்பினாள். அழுத கண்களைத் துடைக்காமல், முகத்தை மறைக்காமல், அவனுக்கு நேராக நிமிர்ந்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள், முகம் கொடுத்து.